பனியில் ஸ்டேட்டிக் வராதாமே!

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. பனியும் சாரலும் கேட்காமலே வரும். "இந்த ஈரத்துல ஸ்டேட்டிக்காவது மண்ணாவது, ஒண்ணும் ஆகாது!" என்று பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் தேய்ந்தபடி ரேமைப் பிடுங்குகிற ஆசாமிகள் மேலேயும் உண்டு, கீழே போடியிலும் உண்டு.

பாதி உண்மை. அதுதான் ஆபத்தே. வறண்ட காற்றில் கம்பளத்தில் நடந்தால் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம், ஈரக் காற்றில் சுமார் 1,500 தான் என்பது பாடப்புத்தகக் கணக்கு. குறைகிறது, சரி. ஆனால் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே மனிதத் தோலுக்கு உறைக்கவே உறைக்காது. சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டே எமன்! சுரீர் என்று அடிக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமா? கீழே போடி வெயிலில் அந்த ஈரமும் கிடையாது. ஏலக்காய் ஏலமே கணினியில் நடக்கிற ஊர் அது.

ரேம் அங்கேயே செத்தால்கூடப் பரவாயில்லை. அரை உயிராகப் பிழைத்து, சில மாதம் கழித்து நீலத்திரை காட்டும். உடனே "வைரஸ் சார்" என்று விண்டோஸை ஃபார்மேட் அடித்துக் காசு வாங்குவார்கள். வியாபாரியின் கணக்கு போனது போனதுதான்.

இன்னொரு வைத்தியம், ரேமின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது. உரசினால் மின்னூட்டம் வரும் என்று சீப்பையும் காகிதத் துண்டுகளையும் வைத்துப் பள்ளியில் படித்தவர்கள்தானே இவர்கள்? ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் கை தேய்ந்துவிடுமா?

"பிளக்கை மாட்டி கேபினட்டைத் தொட்டுக்கோ" என்பது மேல்நாட்டுப் புத்தகத்து உபதேசம். அங்கே சுவரில் எர்த் இருக்கும். இங்கே மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருப்பார்கள். கேபினட்டில் 100 வோல்ட்டுக்கு மேல் கசிவு நிற்கும். தொட்டால் அரிக்கிறதே, அது இதுதான்.

எர்த் சந்தேகமா? பிளக்கைப் பிடுங்குங்கள். மணிக்கட்டுப் பட்டையின் கிளிப்பை கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கையும் போர்டும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். பட்டைக்குள் 1 மெகா ஓம் மின்தடை உண்டு, ஆளைக் காப்பாற்ற. அதனால் வெறும் ஒயரைக் கையில் சுற்றிக்கொள்கிற புத்திசாலித்தனம் வேண்டாம். புது ரேமை கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள், வெள்ளி நிறப் பையில் கேளுங்கள்.