ஐந்து நாளில் ஒரு தூரத்துத் தீவு

அக்கரைப்பற்றிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் கிடைத்தது. பாரிஸ் நகரில் தொழில் புரியும் அவருடைய காக்கா, வாப்பாவையும் உம்மாவையும் தம்மிடம் அழைக்க எண்ணியிருக்கிறாராம். அங்கிருந்து ஐந்து நாள் விடுமுறையில் குவாதலூப் என்னும் கரிபியன் தீவுக்கும் கூட்டிச் செல்ல அவருக்கு ஆசை. “அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஐந்து நாள் போதுமா?” என்று தம்பி கேட்கிறார்.

நாட்கணக்குக்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. குவாதலூப் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டம். அங்கே செலாவணியாவதும் யூரோ நாணயமே. ஆயினும் ஷெங்கன் நாடுகளின் எல்லைக்குள் அத்தீவு சேராது. பிரெஞ்சு வதிவிட அட்டை வைத்திருக்கும் காக்கா தடையின்றிப் போகலாம். கொழும்பில் ஷெங்கன் விசா பெற்று வரும் பெற்றோர் அதைக் கொண்டு அங்கே இறங்க முடியாது. கடல் கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்கென அவர்களுக்குத் தனி விசா வேண்டும். தீவிலிருந்து பாரிஸ் திரும்புவதும் மறுபடி நுழைவதாகவே கொள்ளப்படுமாதலால், ஒரு தடவைக்கு மேல் நுழையும் அனுமதியையும் முதல் விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை மகிழ்ச்சியோடு நான்கு பயணச் சீட்டு வாங்கி வைத்திருக்க, வயதான தாய் தந்தையர் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவதைப் போன்ற துயரம் வேறில்லை. விசா கைக்கு வரும் வரை சீட்டுக்குப் பணம் கட்டாதிருப்பது நல்லது.

இனித் தீவைப் பார்ப்போம். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்ற உருவம் அதற்கு. மேற்குச் சிறகில் மலையும் காடும். 1,467 மீற்றர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை அங்கேதான் நிற்கிறது. கிழக்குச் சிறகு சமதரை. அங்கே கரும்பு மிகுதி. ஹிங்குரானைக் கரும்புத் தோட்டங்களைக் கண்ட அம்பாறை மாவட்டத்தாருக்கு அக்காட்சி புதிதாயிராது.

அந்தக் கரும்புதான் தமிழரை அங்கே கொண்டு சேர்த்தது. 1848 இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆபிரிக்க மக்களுள் பலர் பழைய எசமானரின் தோட்டங்களில் உழைக்க விரும்பவில்லை. முதலாளிமாரின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1854 டிசம்பர் 24 ஆம் நாள் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதற் கூட்டத்தாரைத் தீவில் இறக்கியது. 1889 வரையில் வந்தவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களுள் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியோர் சிலரே. நோயிலும் கடும் உழைப்பிலும் மாண்டவர்கள் ஏராளம்.

எஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமையும் எளிதிற் கிட்டவில்லை. தீவிலேயே பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 இல் தொடங்கிய போராட்டம் 1923 இல்தான் வென்றது. பின்னாளில் அதே சமூகத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். பெயர்கள் இவ்வாறு நிலைத்தன, பேச்சு நிலைக்கவில்லை. பிரெஞ்சுப் பள்ளியும் கிரியோல் மொழியும் சில தலைமுறைகளில் தமிழை வீட்டுப் பேச்சிலிருந்து அகற்றிவிட்டன. ஆகவே, முத்துசாமி என்ற பெயரைக் கண்டவுடன் தமிழில் நலம் விசாரித்து, விடை வராதபோது முகம் சுளிப்பது நாகரிகமன்று. இழந்தவரிடமே போய் இழப்பைச் சுட்டிக் காட்டுவானேன்? நான்கு பிரெஞ்சுச் சொற்களை நாம் கற்றுக்கொண்டு போவதே முறை.

தம்பியின் வாப்பா கேட்டு வியக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. குவாதலூப்பிலும் அண்டைத் தீவான மார்த்தினிக்கிலும் தமிழ் வழிவந்த இந்துக்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் வணங்குகிறார்கள். அவ்வழிபாட்டில் ‘நாகூர் மீரா’ என்றொரு பெயரும் சேர்ந்து வருகிறது. அவர் வேறு யாருமல்லர். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது நாயகந்தான். கடலிற் செல்வோரைக் காப்பவர் என்ற நம்பிக்கையோடு கப்பலேறியவர்கள் அப்பெயரையும் கொண்டுபோனார்கள். அவருக்கெனக் கம்பம் நட்டுக் கொடியேற்றும் வழக்கமும் அங்கே இருக்கிறது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் ஏறும் கொடியும் அதே நாயகத்தின் பெயரால் ஏறுவதே. (இத்தகைய கொடியேற்றம் பற்றி நம்மவரிடையே இரு கருத்துண்டு, அந்த வழக்கை இங்கே எடுக்க நான் துணியேன்.)

ஐந்து நாள் என்கிறார்களே, உண்மையில் அது நான்குங் கூட இல்லை. பாரிசிலிருந்து எட்டு ஒன்பது மணி நேர விமானப் பயணம். போகும் நாள் பயணத்தில் தீரும். திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் இரவுப் பயணம். கொழும்பு விமானம் இறங்குவது நகருக்கு வடக்கே. தீவுக்குப் போகும் விமானங்களிற் பல தெற்கேயுள்ள ஓர்லியிலிருந்து புறப்படுகின்றன. ஆதலின் முதியவர்கள் பாரிசில் சில நாள் இளைப்பாறிய பின்பே தீவுப் பயணத்தை வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தங்குமிடத்தை மேற்குச் சிறகிலுள்ள காபெஸ்தேர் பக்கம் பார்க்கச் சொல்வேன். அங்கே ஷான்ஜி என்னுமிடத்தில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே தமிழ்நாட்டுக் கோபுரச் சாயலில் கோவில் நிற்கிறது. அதே ஊரில்தான் கார்பே நீர்வீழ்ச்சிகளும் உள்ளன. ஒரு நாளைப் புவாந்த் ஆ பீத்ர் நகருக்கு ஒதுக்கலாம். பழைய சர்க்கரை ஆலை இருந்த நிலத்தில் 2015 இல் திறக்கப்பட்ட அடிமை வரலாற்று நினைவகம் அங்குள்ளது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. மிகுந்த நேரத்தைக் கடற்கரைக்கும் ஓய்வுக்கும் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் அரிது. காக்கா கார் ஓட்டுபவராயின் வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொள்வது உத்தமம்.

காலம் முக்கியம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். 1978 நவம்பரில் வீசிய புயலை நினைவில் வைத்திருக்கும் நம் பகுதியாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட, இதமான காலம். கரும்பு வெட்டையும் காணலாம்.

உணவில் கவனம் தேவை. ‘கொலம்போ’ என்பது அத்தீவின் பேர்போன கறி. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்ந்த தூளில் ஆவது. நம் தலைநகரின் பெயர் போலிருப்பினும், ‘குழம்பு’ என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். ஆட்டிறைச்சியிலும் கோழியிலும் சமைப்பது போலவே பன்றியிறைச்சியிலும் சமைப்பார்கள். கோவில் விழாக்களில் பலியிட்ட ஆட்டின் கறியும் அன்போடு பரிமாறப்படும். மீனும் காய்கறியும் போதும் என்று முதலிலேயே பணிவாகச் சொல்லிவிட்டால் இருபக்கமும் சங்கடமில்லை. தொழுகைத் திசையையும் உம்மாவிடம் சொல்லி வையுங்கள். அக்கரைப்பற்றில் கடலுக்கு முதுகு காட்டி மேற்கு நோக்கித் தொழுகிறோம். அங்கே கிழக்கும் வடகிழக்குமாக நிற்க வேண்டும்.

கையுறையாக என்ன கொண்டுபோகலாம் என்றும் கடிதத்தில் கேள்வி இருக்கிறது. மருதமுனைக் கைத்தறியில் நல்ல கட்டம் போட்ட சாரம் இரண்டு வாங்குங்கள். அத்தீவுப் பெண்கள் விழா நாட்களில் தலையிற் கட்டும் கட்டத்துணிக்குப் பெயர் ‘மத்ராஸ்’. சாரத்தை விரித்துக் காட்டினால் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாது.