கேள்விகள் குறைந்தன, கஷ்டம் குறைந்ததா?

அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள், கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசின் நிதி உதவி பெற ஃபாஃப்சா என்ற இலவசப் படிவத்தை நிரப்ப வேண்டும். பல மாநிலங்களும் கல்லூரிகளும் தங்கள் உதவித் தொகையை இதை வைத்தே முடிவு செய்கின்றன. இணையத்திலேயே நிரப்பலாம்.

நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளை வெகுவாகச் சுருக்கி, வருமான விவரத்தை வரித் துறையின் கம்ப்யூட்டரிலிருந்தே நேரடியாகப் பெறும்படி இதை மாற்றினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் வழக்கமாக அக்டோபர் 1ல் திறக்கும் படிவம், 2023ல் டிசம்பர் இறுதியில்தான் வந்தது, அதுவும் பிழைகளோடு. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் பலர், 2024 மார்ச் வரை படிவத்தை முடிக்க முடியாமல் தவித்தனர். உதவி கேட்டுப் போன் செய்தால்? முதல் ஐந்து மாதங்களில் வந்த 54 லட்சம் அழைப்புகளில் சுமார் 40 லட்சத்திற்குப் பதிலே இல்லை என்கிறது அரசின் தணிக்கை அமைப்பு.

வசதியுள்ளவர் காத்திருக்கலாம். எவ்வளவு பணம் வரும் என்று தெரியாமல் ஏழை மாணவர் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார்?

அடுத்த ஆண்டு பாடம் கற்றார்கள். 2024 அக்டோபரில் சில நூறு மாணவர்களிடம் பீட்டா சோதனையைத் தொடங்கி, பிழைகளைக் களைந்து, நவம்பரில் அனைவருக்கும் திறந்தார்கள். இதை முதல் ஆண்டே செய்திருக்க வேண்டும். சாப்ட்வேரில் பிழை வருவது சகஜம். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை, உதவி கேட்டு வரும் மாணவர் தலையில் கட்டுவதுதான் தவறு.