ஒப்புவிப்பது விஞ்ஞானமா?

பத்தாந் தர வகுப்பறையொன்றைக் கடந்து செல்லும் எவருக்கும் அந்த ஓசை பழக்கமானதே. "ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம்..." என்று நாற்பது குரல்கள் ஒரே இராகத்தில் ஒலிக்கும். இருபது மூலகங்களும் முடிந்ததும் அடுத்த வாய்பாடு தொடங்கும்: "ஆவர்த்தனமொன்றில் இடமிருந்து வலமாகச் செல்ல அயனாக்கற் சக்தி அதிகரிக்கும், கூட்டமொன்றில் மேலிருந்து கீழாகச் செல்லக் குறையும்." மாணவர் எழுதிக்கொள்வர், பரீட்சையில் திருப்பி எழுதுவர், புள்ளியும் கிடைக்கும். இதற்கு விஞ்ஞானக் கல்வி என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அப்பெயருக்கு இது தகுதியற்றது என்பதே எமது வாதம்.

ஆவர்த்தன அட்டவணை வானத்திலிருந்து இறங்கிய வேதமன்று. சைபீரியாவில் பிறந்த ஓர் ஆசிரியர், தம் மாணவருக்குப் பாடநூல் எழுத முயன்றபோது எழுந்த தேவையிலிருந்து அது பிறந்தது. 1869ஆம் ஆண்டில் அறியப்பட்டிருந்த மூலகங்கள் 63. அவற்றை எந்த ஒழுங்கில் சொல்வது? மென்டலீவ் அடுக்கினார், கலைத்தார், மீண்டும் அடுக்கினார். சீட்டுகளில் எழுதி அடுக்கினார் என்று வழிவழியாகக் கூறுவர். சீட்டாயினும் தாளாயினும், அடுக்கிப் பார்த்தே அவர் கண்டார் என்பதே முக்கியம். ஒழுங்கு பொருந்தாத இடங்களில் வெற்றிடம் விட்டார். அங்கே வரவேண்டிய மூலகத்தின் இயல்புகளையும் முன்கூட்டியே எழுதினார். 1875இல் பிரான்சிலே கல்லியம் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் அடர்த்தி 4.7 என அளந்தனர். 5.9 அளவில் இருக்கவேண்டும் என்றார், அம்மூலகத்தைக் கண்ணாலும் காணாத மென்டலீவ். தூய்மையாக்கி மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது.

அவருக்கு முன்னரே இவ்வழியிற் சென்ற நியூலண்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் கதியையும் நினைவுகூர வேண்டும். எட்டாவது மூலகந்தோறும் இயல்புகள் மீள்கின்றன என்று அவர் 1866இல் இலண்டன் இரசாயனச் சங்கத்திலே கூறியபோது, மூலகங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று கேட்டு அவையில் ஒருவர் எள்ளினார். ஒழுங்கைத் தேடுபவனை ஏளனஞ் செய்யும் மனப்பான்மை அன்று இலண்டனில் இருந்தது. இன்று அது எமது வகுப்பறைகளில் வேறு உருவத்தில் வாழ்கிறது: "தேட வேண்டாம், பாடமாக்கு!"

மாற்றுவழி என்ன என்று கேட்கலாம். பழைய அப்பியாசக் கொப்பி மட்டைகளை இருபது துண்டுகளாக வெட்டுக. மூலகங்களின் பெயரையும் குறியீட்டையும் எழுதாது, சார் அணுத்திணிவு, வலுவளவு, சாதாரண வெப்பநிலையில் திண்மமா திரவமா வாயுவா, உலோகமா அன்றா என்பவற்றை மட்டும் எழுதுக. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, முதலாம் அயனாக்கற் சக்தியில் மூலுக்கு 100 கிலோயூலுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற கணக்கில் வெட்டி, அந்தந்த மட்டையோடு கட்டுக. சோடியத்தின் 496க்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். ஈலியத்தின் 2372க்கு 23.7. ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு. "இவற்றில் ஓர் ஒழுங்கு காணுங்கள்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் மௌனமாக நிற்கவேண்டும். எம்மவருக்கு மிகக் கடினமான பகுதி இந்த மௌனந்தான்.

திணிவின்படி அடுக்கிய பிள்ளைகள் வலுவளவைப் பார்ப்பர்: 1, 2, 3, 4, 3, 2, 1, 0, பின்னர் மீண்டும் 1, 2, 3, 4. வரிசையை எங்கே மடிக்க வேண்டுமென்று அவர்களுக்கே தெரிந்துவிடும். மடித்து வைத்ததும் ஈர்க்குகள் ஏறி, சடாரென இறங்கி, மறுபடி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஐதரசன் மட்டும் எங்கும் ஒழுங்காகப் பொருந்தாது நிற்கும். அதன் இடம் பற்றி இரசாயனவியலாளர் இன்றும் வாதாடுகின்றனர் என்று சொன்னால், பிள்ளை தன் குழப்பத்துக்காக வெட்கப்பட மாட்டான்.

மகனீசியத்தின் மட்டையை ஆசிரியர் முன்னரே ஒளித்துவைக்கட்டும். வலுவளவு 1இலிருந்து 3க்குத் தாவும் இடத்தில் ஏதோ குறைகிறது என்று பிள்ளைகள் சொல்வர். அங்கே வரவேண்டிய ஈர்க்கின் நீளம் என்ன? மேலேயுள்ள பெரிலியத்தின் பெறுமானம் 899; கீழேயுள்ள கல்சியத்தினது 590. இரண்டின் சராசரி 744.5. ஒளித்த மட்டையை எடுத்துக் காட்டுக: 738! மென்டலீவ் அடைந்த மகிழ்ச்சியின் ஒரு துளி அந்த வகுப்பறைக்கும் கிட்டும். எந்த மாதிரி வினாத்தாள் இதனைக் கொடுக்கும்?

இனி, எதிர்க்கட்சியார் அஞ்சும் இடத்துக்கு வருவோம். பிள்ளைகள் பிழைவிடுவார்களே என்கின்றனர். ஆம், விடுவார்கள். பொற்றாசியத்தின் திணிவு 39.1, ஆகனுடையது 39.9. திணிவை நம்பி அடுக்கிய பிள்ளை பொற்றாசியத்தை நேயனுக்குக் கீழும் ஆகனைச் சோடியத்துக்குக் கீழும் வைப்பான். தண்ணீரிலே தீப்பற்றும் உலோகம், எதனோடும் சேராத வாயுவின் கூட்டத்தில்! சண்டை மூளும். மட்டையில் எழுதியது பிழை என்பான் ஒருவன். தெலூரியத்தையும் அயடீனையும் இடம்மாற்றி வைத்த மென்டலீவும் அப்படித்தான் நினைத்தார். தெலூரியத்தின் திணிவைத் தவறாக அளந்துவிட்டனர் என்றார். அளவு சரியாகவே இருந்தது. அவர் வைத்த இடமும் சரியே. சொன்ன காரணந்தான் பிழை. உண்மையான ஒழுங்கு திணிவில் இல்லை, கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பதற்கு வழிதிறந்தவை, 1913இல் மோஸ்லி என்னும் இளைஞர் ஊடுகதிர்களைக் கொண்டு செய்த பரிசோதனைகள். இரண்டாண்டுகளில், தமது 27ஆம் வயதிலே, கலிப்பொலிப் போர்முனையில் அவர் குண்டடிபட்டு மாண்டார். அணுவெண் என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. பிழைவிட அனுமதிக்கப்படாத பிள்ளைக்கு இதில் எதுவும் கிட்டாது.

மேலும், நாம் பாடமாக்குவிக்கும் வாய்பாடுதான் பிழையற்றதா? மூன்றாம் ஆவர்த்தனத்தின் ஈர்க்குகளை நிறுத்திப் பாருங்கள்: சோடியம் 496, மகனீசியம் 738, அலுமினியம் 578, சிலிக்கன் 786, பொசுபரசு 1012, சல்பர் 1000, குளோரீன் 1251, ஆகன் 1521. "அதிகரிக்கும்" என்று ஒப்புவித்தவன் வாயால் சொன்னதை, அலுமினியத்தின் குட்டை ஈர்க்கும் சல்பரின் ஈர்க்கும் மறுக்கின்றன. அலுமினியத்தில் அகற்றப்படும் இலத்திரன் சற்று உயர்ந்த உபசக்தி மட்டத்தில் இருக்கிறது. சல்பரிலோ ஒரே இடத்தில் சோடியாக நிற்கும் இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இவ்விளக்கம் உயர்தரத்துக்குரியதாக இருக்கலாம். ஆனால் "ஏன்?" என்ற கேள்வி பதினைந்து வயதுக்கும் உரியது. கேள்வி பிறக்குமுன் விடையை ஊட்டுவதே எமது வழக்கமாயிற்று.

நேரமில்லை என்பர். இரண்டு பாடவேளைகள், எண்பது நிமிடங்கள் செலவாகும். ஒப்புவித்து, மறந்து, மறுபடி ஒப்புவிப்பதில் கழியும் நாட்களை அவர்கள் கணக்கிட்டதில்லை. வசதியில்லை என்பர். மட்டையும் ஈர்க்கும் கிடைக்காத பாடசாலை எது? ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலைக்கும் வன்னிக் கிராமத்துப் பாடசாலைக்கும் இம்முறை மிகப் பொருத்தமானது.

மேற்பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் வர்ணத்தாள்களை ஒட்டி, முன்னரே பழக்கிய பிள்ளைகளைக் கொண்டு "செயற்பாடு" நடத்திக் காட்டுவோரையும் நாம் கண்டிருக்கிறோம். விடையை முதலில் சொல்லிவிட்டு மட்டைகளை அதன்படி அடுக்கச் சொல்வது, கையால் செய்யும் ஒப்புவிப்பன்றி வேறில்லை. நாம் கேட்பது அந்த அலங்காரத்தை அன்று.

இந்த மந்திரக் கல்வியால் இலாபமடைவோர் யார்? வாய்பாட்டைச் சுருக்கி அச்சிட்டு விற்க முடியும். மண்டபம் நிறைய மாணவரை இருத்தி ஒலிபெருக்கியில் ஓத முடியும். அதற்குக் கட்டணமும் அறவிட முடியும். பணமுள்ளவன் மகன் அதனை இருமுறை வாங்குவான். கூலித் தொழிலாளியின் மகள் ஒருமுறையும் வாங்க மாட்டாள். 1945இல் இந்நாடு இலவசக் கல்வியைப் பெற்றது. விஞ்ஞானத்தைச் சுயமொழியில் கற்பிக்க இயலாது என்று சாதித்தோரும் பின்னர் தோற்றனர். ஆயினும் ஆங்கிலத்தில் ஒப்புவித்ததைத் தமிழில் ஒப்புவிப்பதற்காகவா அவ்வளவு பாடும் பட்டோம்?

ஆசிரியர்களே, உங்களிடமே இதனைக் கேட்கிறோம். அடுத்த தவணையில் ஆவர்த்தன அட்டவணைப் படத்தைச் சுவரில் மாட்டுமுன், இருபது மட்டைகளைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அவர்கள் தாமே ஒழுங்கைக் கண்ட பின்னர் படத்தை மாட்டுங்கள். அப்போது அது அவர்கள் முன்னரே அறிந்த ஒன்றாக இருக்கும்.