யார் சோதனை எலி?

"மனுஷனைச் சோதனை எலி ஆக்குறாங்க!" புற்றுநோய்க்குப் புது மருந்து எதையாவது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், நம் ஆட்கள் இந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதிலும் பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழசு, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள் என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உயிரோடு சீட்டு விளையாடுகிறார்கள் என்று ஒரே சாமியாட்டம்தான். கேட்க நியாயம் போலவே இருக்கும். ஆனால் சுத்தப் பேத்தல். குலுக்கிப் போடாமல், "பாவம், சாகக் கிடக்கிறாள், கொடுத்துவிடுங்களேன்" என்று எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய கதையே இருக்கிறது.

1980-களில் அமெரிக்க டாக்டர்கள் சிலர் இப்படி யோசித்தார்கள். கீமோதெரபி மருந்தின் அளவைக் கூட்டினால் புற்றுநோய்ச் செல்கள் இன்னும் அதிகமாகச் சாகும். ஆனால் ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. அந்த மருந்து எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அழித்துவிடும். மஜ்ஜை போனால் ரத்தம் ஊறாது, ஆள் காலி. சரி, நோயாளியின் மஜ்ஜையை முதலிலேயே எடுத்துப் பத்திரமாக உறைய வைத்துவிட்டு, பல மடங்கு மருந்தை ஏற்றி, அப்புறம் மஜ்ஜையைத் திரும்பச் செலுத்தினால்? முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இதைச் செய்தார்கள். கட்டிகள் சுருங்கின. வழக்கமான சிகிச்சை பெற்ற பழைய நோயாளிகளைவிட இவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாகக் கணக்கு வந்தது.

அந்தக் கணக்கில்தான் கோளாறு. இவ்வளவு கொடூரமான சிகிச்சையைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டுமே, அதனால் வயது குறைந்தவர்களாக, இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்கள் எந்தச் சிகிச்சையிலும் கொஞ்சம் அதிக நாள் இருந்திருப்பார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தீபாவளி மாத விற்பனையை மார்கழி மாத விற்பனையோடு ஒப்பிட்டு, "பார்த்தீர்களா, என் புது விளம்பரம் எப்படி வேலை செய்கிறது" என்றால் எங்கள் பி.காம். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன்கூட சிரிப்பான். இங்கே யாரும் சிரிக்கவில்லை. காரணம், ஒரு பக்கம் கண்ணீர், இன்னொரு பக்கம் காசு. ஒரு நோயாளிக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகும் வைத்தியம் இது. ஆஸ்பத்திரிகளுக்குக் கசக்குமா?

நிரூபிக்கப்படாத சிகிச்சை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுத்தன. (இன்சூரன்ஸ்காரன் சொன்னது சரியாக இருந்த அபூர்வமான சந்தர்ப்பம்!) விடுவார்களா? கலிஃபோர்னியாவில் இப்படி மறுக்கப்பட்ட ஒரு பெண் ஊராரிடம் நிதி திரட்டிச் சிகிச்சை செய்துகொண்டும் இறந்துபோனார். குடும்பம் போட்ட வழக்கில் 1993 டிசம்பரில் ஜூரி 8 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. பிறகு பேசி முடித்துக்கொண்டார்கள் என்றாலும், எல்லா கம்பெனிகளுக்கும் குளிர்விட்டுப் போனது. 1994-ல் மத்திய அரசு ஊழியர்களின் இன்சூரன்ஸிலும் இது சேர்ந்தது. சில மாநிலங்கள் சட்டமே போட்டன.

இதற்கிடையே சிலர் முறையான சோதனை தொடங்கினார்கள். ஆள் கிடைக்கவில்லை. வெளியே போனால் நிச்சயமாகக் கிடைக்கும் சிகிச்சையை, பாதி வாய்ப்புதான் உண்டு என்கிற குலுக்கலில் யார் கேட்பார்கள்? 1990-களில் அமெரிக்காவில் 20,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சோதனைக்கு வெளியே இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள். சோதனைகளில் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். விடை தெரிய சுமார் பத்து வருடம் இழுத்தது.

1999 மே மாதம் அட்லாண்டாவில் நடந்த மாநாட்டில் ஐந்து சோதனைகளின் முடிவுகள் வந்தன. நான்கில் பலன் எதுவும் தெரியவில்லை. அவற்றில் முற்றிய நோயாளிகளை வைத்து நடந்த ஒரு சோதனையில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மஜ்ஜை வைத்தியத்தில் 32 சதவீதம், வழக்கமான கீமோவில் 38 சதவீதம். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கத்துப் பெண்கள் வாயெல்லாம் புண்ணாகி, வாரக்கணக்கில் தனியறையில் கிடந்து, அதன்பின் இந்த ஒன்றை அடைந்தார்கள். அந்தச் சிகிச்சையாலேயே செத்தவர்களும் உண்டு.

ஐந்தாவது சோதனை மட்டும் அமோக வெற்றி என்றது. ஜோகன்னஸ்பர்க் நகரின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்து வெர்னர் பெஸ்வோடா நடத்தியது. அதைப் பின்பற்றிப் பெரிய சோதனை தொடங்கலாம் என்று 2000 ஜனவரியில் அமெரிக்கக் குழு ஒன்று நேரில் போய்ப் பதிவேடுகளைக் கேட்டது. எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் வவுச்சிங் என்பார்களே, அதேதான். வவுச்சர் எங்கே? சோதனையில் சேர்ந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேருக்குக்கூடப் பதிவேடு கிடைக்கவில்லை. கிடைத்ததும் மேடையில் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மனிதர் மோசடியை ஒப்புக்கொண்டார், வேலையும் போனது. 2011-ல் பல சோதனைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் ஆயுள் குறிப்பிடும்படி கூடவில்லை என்றே வந்தது.

இப்போது சொல்லுங்கள், எலி யார்? குலுக்கலில் சேர்ந்த அந்த ஆயிரம் பேரா, அல்லது யாருக்கும் எதையும் கற்றுத்தராமல் வெளியே அவதிப்பட்ட இருபதாயிரம் பேரா?

அதே வருடங்களில், அதே மார்பகப் புற்றுநோய்க்கு ஹெர்செப்டின் என்று ஒரு புது மருந்து. முற்றிய நோயுள்ள 469 பெண்கள் குலுக்கலுக்குச் சம்மதித்தார்கள். கீமோ மட்டும் வாங்கியவர்களின் சராசரி ஆயுள் 20 மாதம், ஹெர்செப்டினும் சேர்த்து வாங்கியவர்களுக்கு 25 மாதம். 1998-லேயே அனுமதி கிடைத்தது. 469 பேர், கேள்வி தீர்ந்தது!

"அப்போ திருவனந்தபுரம்?" என்பீர்கள். தெரியும். அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000-ல் வாய்ப் புற்றுநோயாளிகள் இருபத்தைந்து பேர் அளவில் ஒரு புது மருந்தை ஊசியாகப் போட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் மருந்து. நோயாளிகளுக்கு விவரம் சரியாகச் சொல்லப்படவில்லை என்று 2001-ல் பெரிய ரகளையானது. அந்த ஆய்வாளர் தங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதியையே பெறவில்லை என்று ஹாப்கின்ஸ் விசாரித்துச் சொன்னது. கொதிக்க வேண்டியதுதான், நானும் கொதிக்கிறேன். ஆனால் அங்கே தப்பு, சோதனையின் விதிகளை மீறியது. அதைக் காட்டிச் சோதனையே வேண்டாம் என்பது, ஒரு கம்பெனி பொய்க்கணக்கு எழுதியதால் இனி யாரும் கணக்கே எழுதக் கூடாது என்பது மாதிரி.

இந்தியாவில் 2009 ஜூன் முதல் இப்படிப்பட்ட எந்தச் சோதனையையும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்தே ஆக வேண்டும். எத்தனை பேர், எந்த மருந்துக்கு எதிராக எந்த மருந்து, எதை அளக்கிறார்கள், நெறிமுறைக் குழு அனுமதித்ததா, எல்லாம் அதில் இருக்கும். யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. அடுத்த தடவை எலி என்று ஆரம்பிக்கும் முன் அதில் ஒரு பத்து நிமிடம் மேய்ந்துவிட்டு வந்து பின்னூட்டத்தில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன் :-)