வெள்ளிக்காசும் செப்புக்காசும்

வட்டுக்கோட்டையிலே நமக்கு நண்பர் ஒருவர் உளர். இளைப்பாறிய ஆசிரியர். சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் அவர் வீட்டு விறாந்தையிலே அமர்ந்திருந்தோம். தாம் இளமை தொட்டுத் தேடிச் சேர்த்த காசுகளை ஓலைப்பெட்டி ஒன்றிலிருந்து எடுத்துப் பாயின்மீது பரப்பினார். அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் சூழ்ந்துகொண்டனர். நடுவிலே பெரிய வெள்ளி நாணயம் ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கை அதன்மேற்றான் சென்றது. பாயின் ஓரத்திலே களிம்பேறிய செப்புக்காசு ஒன்று கிடந்தது. அதனை ஒருவரும் தொடவில்லை. "வெள்ளியைப் பிறகு பார்க்கலாம் பிள்ளைகள், முதலில் இதை எடுத்துப் பாருங்கோ" என்றார் ஆசிரியர்.

பிள்ளைகளைக் கவர்ந்த வெள்ளி நாணயம் 1957ஆம் ஆண்டுக்குரியது. புத்தர் பெருமான் பரிநிருவாணம் எய்தி 2,500 ஆண்டு நிறைந்தமையைக் கொண்டாடும் பொருட்டு இலங்கை அரசு வெளியிட்ட ஐந்து ரூபா ஞாபகார்த்த நாணயம் அது. நிறை 28 கிராமுக்குச் சற்று மேல். நூற்றுக்கு 92½ பங்கு வெள்ளி. வெள்ளியின் விலை ஏற ஏற, முகப்பிற் பொறித்த ஐந்து ரூபாவிலும் உள்ளே அடங்கிய உலோகம் பன்மடங்கு பெறுமதியாயிற்று. இதன் விளைவை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெள்ளிக்காசு தட்டாரின் உலைக்குச் சென்று கொலுசாக மீள்வது இந்நாட்டில் நெடுநாள் வழக்கம். உலைக்குத் தப்பியவற்றுட் சில, வளையம் ஒட்டப்பெற்றுக் குழந்தைகளின் கழுத்தில் ஏறின. எஞ்சியவற்றையே நாம் இன்று விலை கொடுத்துத் தேடுகின்றோம்.

ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டக் காசு அடிப்பது புதிய வழக்கமன்று. குப்தப் பேரரசனாகிய சமுத்திரகுப்தன் தான் செய்த அசுவமேத வேள்வியைப் பொற்காசிலே பொறித்தான். கங்கை கொண்ட பெருமையைத் தன் காசிலே எழுதுவித்தான் இராசேந்திர சோழன். பின்னொரு காலத்தில் சோழர் தாழ, பாண்டியன் 'சோணாடு கொண்டான்' என்று செப்பிலே அடித்து மக்கள் கையிற் கொடுத்தான். 2025ஆம் ஆண்டு சூலை மாதத்தில் கங்கைகொண்ட சோழபுரத்திலே இராசேந்திரனின் பெயரால் ஆயிரம் ரூபா நாணயம் ஒன்று இந்திய அரசினால் வெளியிடப்பட்டது. தன் வெற்றியைக் காசிற் பொறித்தவனை ஆயிரம் ஆண்டின் பின் மற்றோர் அரசு காசிற் பொறிக்கின்றது! நாணயசாலை எவர் கையில் உளதோ அவர் நினைக்க விரும்புவதே ஞாபகார்த்தக் காசில் இடம்பெறும். கங்கைக் கரையிலே தோற்றவன் பக்கத்துக் கதையை அக்காசு சொல்லாது. 1957இன் வெள்ளி நாணயமும், அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய சிங்களம் மட்டும் சட்டத்தைப்பற்றி ஒன்றும் உரையாது. அதனை நாம்தான் அருகில் வைத்துப் படித்தல் வேண்டும்.

ஆயின், எவரும் ஞாபகார்த்தமென்று கருதாத சில்லறை சில வேளைகளில் மிகுதியாகப் பேசிவிடுகின்றது. 1823இல் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் செமினறியைத் தொடங்கியபோது இந்நாட்டிற் புழங்கியது இறைசால். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அப்பெயரையே ஆங்கிலேயரும் சில காலம் வைத்திருந்தனர். நான்காம் ஜோர்ஜ் மன்னன் தலை ஒருபுறமும் யானை மறுபுறமுமாக 1821இல் வெள்ளி இறைசால் அடிக்கப்பட்டது. 1825இல் அதனை ஒரு சிலிங் ஆறு பென்சு என மதிப்பிட்டு ஆங்கில நாணய முறையைப் புகுத்தினர். செமினறி 1855இல் மூடப்பட்டது. அதே இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது; ரூபாவும் சதமும் இந்நாட்டின் கணக்காக வந்ததும் அவ்வாண்டே. இறைசாலில் எண்ணத் தொடங்கிய கல்விக்கூடம் சதத்திலே மறுபிறப்பு எடுத்தது என்று நண்பர் நகைத்தார்.

இன்னொன்றும் காட்டினார். ஐம்பது சத நாணயங்கள் இரண்டு. பார்வைக்கு ஒன்றேபோல இருந்தன. 1917ஆம் ஆண்டுக்குரியதில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. 1919ஆம் ஆண்டுக்குரியதில் ஐம்பத்தைந்து பங்கே. போர் வெள்ளியின் விலையை உயர்த்திற்று. அரசு பேசாமல் வெள்ளியைக் குறைத்தது. இரண்டாம் போர்க்காலத்தில், 1943இல், வெள்ளி அறவே ஒழிந்து நிக்கல் கலந்த பித்தளை வந்தது. இவ்விரு போர்களையும் இந்தச் சில்லறையைக் கொண்டே ஒரு நல்லாசிரியர் வகுப்பிலே விளக்கிவிடலாம்.

இனி அந்தச் செப்புக்காசு. ஒருபுறம் நிற்கும் மனிதவுருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, பிறை, கீழே 'சேது' எனும் தமிழெழுத்து. இவ்வகைக் காசு இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்குரியதென்று ஒரு காலத்தில் அறிஞர் கருதினர். நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் செ. இராசநாயகமும் அதனை மறுத்து, சேதுகாவலர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளே இவற்றை வெளியிட்டனர் என்று நிறுவ முயன்றனர். அவர்கள் கூற்றுக்கு அரண் செய்தது யாது? இக்காசுகள் மிகுதியாகக் கிடைத்தது குடாநாட்டு மண்ணிலே என்பதுதான். 1619இல் போர்த்துக்கேயர் கைப்பட்ட அரசு ஒன்றுக்குச் சொந்த நாணயம் இருந்ததென்பதை எந்த வெள்ளியும் நமக்குச் சொல்லவில்லை. உழுத நிலத்திலும் வெட்டிய கிணற்றிலும் கிடைத்த களிம்புச் செப்பே சொல்லிற்று. கந்தரோடையும் அவ்வாறே. அறிஞர் போல் பீரிஸ் ஆராய்ந்த அவ்வூரிலே, மன்னர் பெயரோ எழுத்தோ இல்லாது குறிகள் மட்டும் குத்தப்பெற்ற மிகப் பழைய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கந்தரோடை என்ற ஊர்ப்பெயரை நீக்கிவிட்டால் அவை வெள்ளித் துண்டுகளே.

காசு சேர்ப்போரிடம் நாம் காணும் பெருங்குறை இதுவே. எங்கே கிடைத்தது, எத்துணை ஆழத்தில், எவற்றோடு என்று எழுதிவைப்பவர் மிகச் சிலர். பளபளப்பு நாடிப் புளியிட்டும் தேசிக்காய் தேய்த்தும் எழுத்தையே அழித்துவிடுவோர் பலர். வெளிநாட்டு உறவினர் கேட்டாரென்று கைப்பிடியாக அள்ளிக் கொடுப்பவரும் உளர். மண்ணிலிருந்து காசுக்குவை வெளிப்பட்டால் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி கடமை. அச்சத்தாலோ ஆசையாலோ பங்கிட்டு மறைத்துவிடுவதால், குவையென்னும் முழுச்சான்று நூறு கையிற் சிதறிப்போகின்றது. வடபகுதியின் காசுகளைப்பற்றிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றோர் நூல்கள் எழுதியுள்ளனர். அத்தகைய ஆய்வாளருக்கு நாம் தரக்கூடிய பேருதவி காசன்று. அது கிடைத்த இடம்பற்றிய குறிப்பு. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கொப்பி போதும். பிள்ளைகள் தத்தம் வளவிற் கிடைத்ததை வரைந்து, நிறை பார்த்து, இடத்தைக் குறித்து வைக்கட்டும். காசு அவரவர் வீட்டிலேயே இருக்கலாம்.

நண்பரிடமும் அத்தகைய கொப்பி ஒன்று இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் பெயர்ந்தபோது, அவர் ஓலைப்பெட்டியைத் துணிமூட்டைக்குள் வைத்தார். கொப்பி அலுமாரியில் நின்றுவிட்டது. "வெள்ளி இருந்தபடியால் பெட்டியை எடுத்தேன். வழியிற் சோற்றுக்கு உதவுமென்று நினைத்தேன்" என்றார். மறுவருடம் மீண்டபோது அலுமாரியும் இல்லை, கொப்பியும் இல்லை. பெட்டியிலே இன்று முப்பதுக்கு மேற்பட்ட சேதுக்காசுகள் உள. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே பிறந்த இடம் தெரியும். பாயின் ஓரத்திற் கிடந்த அதுதான். அவர் தகப்பனார் மேற்கு வளவிலே கிணறு வெட்டுவித்தபோது மண்ணோடு வந்தது. ஏனையவற்றைத் தந்த முகங்கள் சில நினைவில் உண்டு, ஊர்கள் இல்லை.

பிள்ளைகளுள் மூத்தவள் ஒருத்தி, "மேற்கு வளவென்றால் இப்ப எந்தப் பக்கம், மாமா?" என்று கேட்டாள். நண்பர் எழுந்து காட்டினார். அவள் தன் கணக்குக் கொப்பியின் பின்னொற்றையைக் கிழித்து எழுதத் தொடங்கினாள்.