பண்டிகை நாளும் பணிநாளே

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் எழுந்துள்ள முதியோர் குடியிருப்புகளுக்கு இன்று இந்திய அளவில் பெயர் இருக்கிறது. மலைக்காற்று, சிறுவாணித் தண்ணீர், பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள் என்று சொல்லித்தான் வீடுகளை விற்கிறார்கள். குடிவருபவர்களில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், ஆசிரியர்கள், பொறியாளர்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் கலிபோர்னியாவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். "அப்பா அம்மாவுக்கு ஒன்று என்றால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது" என்ற நிம்மதிக்குத்தான் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் போகிறது. அந்த ஆள் தீபாவளி வாரத்தில் இருக்கிறாரா என்று கேட்பவர்கள் குறைவு.

முழு எண்ணிக்கையில் ஆட்கள் இருப்பது அரிது. மெஸ்ஸிலும் துப்புரவுப் பணியிலும் பீகார், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. பீகார்க்காரர்களுக்கு அதுவே பெரிய பண்டிகை. ஊருக்குப் போனவர் இரண்டு வாரமாவது கழித்துத்தான் திரும்புவார். உள்ளூர் நர்ஸுக்கும் வீடு, குழந்தைகள், புதுத்துணி எல்லாம் உண்டு. கடைசியில் இரவு முழுக்க ஒரு நர்ஸ், வாசலில் ஒரு செக்யூரிட்டி என்று ஒப்பேற்ற வேண்டியதாகிறது.

திடீரென்று வந்த நெருக்கடி என்று நிர்வாகங்கள் இதைச் சொல்ல முடியாது. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. யார் எப்போது போகிறார், எப்போது வருகிறார் என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே கேட்டு எழுதி வைக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் பொங்கலுக்குப் பணியில் இருக்கட்டும். பண்டிகை விடுமுறையன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை என்ற நெறி தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதைத் தாராளமாகக் கடைப்பிடித்தால் மனமுவந்து தங்குபவர்கள் கிடைப்பார்கள். அதற்காகும் கூடுதல் செலவைக் குடியிருப்போர் சங்கங்கள் முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும்.

இத்தனை வற்புறுத்தலுக்குக் காரணம், பண்டிகை தன்னோடு கொண்டுவரும் ஆபத்துகள். தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியலை நினைத்துப் பாருங்கள். காலை நான்கரை மணி. வெளியே மழை ஈரம். எண்பது வயதுக்காரர் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைகிறார். தரையில் சொட்டிய எண்ணெய், அதன் மேல் சீயக்காய்க் கரைசல், ஆவியில் மங்கிய மூக்குக் கண்ணாடி. பிடிமானக் கம்பி இருந்தாலும் எண்ணெய்க் கை வழுக்கும். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களே அவர்களில் அதிகம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் இயங்கும். அந்த விடியலில் உதவிக்கு வரக்கூடியவர் அதே வளாகத்தில் இருக்கும் பணியாளரோ பக்கத்து வீட்டுக்காரரோதான்.

எண்ணெய்க் குளியலைத் தடுக்கச் சொல்லவில்லை. அது பல முதியவர்களுக்கு அம்மாவின் கை நினைவு. எண்ணெய் காலில் படாமல் தேய்த்துக்கொள்வது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிப்பது, கதவைத் தாழிடாமல் சாத்தி வைப்பது, விடிந்த பிறகே குளிப்பது ஆகியவற்றை நர்ஸ் முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம். நரகாசுரன் ஒரு மணி நேரம் காத்திருப்பான்.

பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வகுத்து ஆண்டுகள் ஆகின்றன. மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் அந்த இரண்டு மணி நேரப் புகையே ஆஸ்துமாக்காரர்களுக்கு அதிகம். வெடிப்பதை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போகும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் திறக்கத் தெரிந்தவர் அன்று பணியில் இருக்கிறாரா என்பதை முன்னதாகவே உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது தனிமை. இங்கே காலை 7 மணி என்றால் கலிபோர்னியாவில் முந்தின நாள் மாலை. பேரன் திரையில் கையசைப்பான், புதுத்துணியைக் காட்டுவான், பத்து நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது மதியச் சாப்பாட்டுக்கும் மாலை விளக்குக்கும் இடைப்பட்ட நீண்ட பகல். உலகில் ஆண்டுக்கு சுமார் 8,71,000 மரணங்களோடு தனிமை தொடர்புடையது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் மதிப்பிட்டது. குடியிருப்பு நிர்வாகங்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் மருந்து, வெளியிலிருந்து வரும் மெல்லிசைக் குழு. வரிசையாக நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகலாம். மெஸ்ஸில் பத்துப் பேரை உட்கார வைத்து முறுக்கு சுற்றச் சொன்னால் பேச்சு தானாக வரும். யார் வீட்டுக் கைமுறுக்கு எத்தனை சுற்று என்பதில் ஒரு சண்டையே வரலாம், வரட்டும்.

எந்த நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெறாத ஒருவர் இருக்கிறார். அந்த ஆண்டில் கணவனையோ மனைவியையோ இழந்தவர். துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பது வழக்கம். கோலம் இல்லை, பலகாரம் இல்லை. அடுத்த வீட்டார் அழைக்கவும் தயங்குவார்கள். துணை மிகவும் தேவைப்படும் மனிதர் ஊரே கூடும் நாளில் கதவைச் சாத்திக்கொள்கிறார். வழக்கத்தை மீறச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணச் சாப்பாட்டை எடுத்துப்போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை. அசோசியேஷன் இதை யாராவது இருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பொதுவாகச் சொல்லிவைத்தால் ஒருவரும் போகமாட்டார்கள்.

துணை என்பது மன ஆறுதலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் 'டிஜிட்டல் கைது' மோசடியைப் பார்க்க வேண்டும். 2024 தீபாவளிக்கு நான்கு நாட்கள் முன்னால், அக்டோபர் 27 அன்று, பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். காவல் அதிகாரி வேடத்தில் வீடியோ அழைப்பில் வருபவன் இடும் முதல் கட்டளை: அழைப்பைத் துண்டிக்காதே, யாரிடமும் சொல்லாதே. ஆளைத் தனியாக்கினால்தான் அவன் பிழைப்பு நடக்கும். தினமும் கதவைத் தட்டி "காபி ஆச்சா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் அந்த நாடகம் நீடிக்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணை லிஃப்ட் கதவிலேயே ஒட்டி வைக்கலாம். எட்டு மணி வரை பால் பாக்கெட் கதவுப் பையிலேயே கிடந்தால் அடுத்த வீட்டார் மணி அடிப்பது என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். காசு செலவில்லாத இந்தப் பழக்கம் மூன்று கேமராக்களைவிடப் பயன்படும்.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் முதியோர் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டுதல்களை 2019இல் வெளியிட்டது. மகாராஷ்டிரத்தின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் தன் பங்குக்கு விதிகளைத் தந்தது. கதவு 900 மில்லிமீட்டர் அகலம், வழுக்காத தரை, லிஃப்ட் என்று அவை பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றிப் பேசுகின்றன. தேவைதான். ஆனால் வழுக்காத தரையிலும் எண்ணெய் வழுக்கும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது பதினெட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. குறைந்தபட்ச இரவுப் பணியாளர் எண்ணிக்கையையும், பண்டிகை வாரத்துக்கான பணிப் பட்டியலை 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையும் தமிழக அரசு கட்டாயமாக்க வேண்டும்.

பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வர முடிந்தவர்கள் வாருங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால் இரண்டு நாள் தள்ளி வாருங்கள். வர முடியாதவர்கள் தீபாவளி மதியம் மூன்று மணிக்கு இன்னொரு முறை அழையுங்கள். அடுத்த தவணைக் கட்டணத்தைக் கட்டுமுன் பண்டிகை வாரப் பணிப் பட்டியலை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.