மிதிச்சா நிக்கணும் பாஸ்!

ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. மாதிரி மஸில் கார்கள் நேர் ரோட்ல பறக்கும் பாஸ். அமெரிக்காவுல அதையே வீக் எண்டுக்கு ரேஸ் ட்ராக்ல இறக்கினா, சில ரவுண்டுலயே சாயம் வெளுத்துடும். வில்லன், சூடு! வேகம் மொத்தமும் பிரேக்ல வெப்பமாத்தானே மாறணும்? (தெர்மோ பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்.)

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். தண்ணி சேர்ந்துட்டா 140-லயே கொதிச்சு ஆவியாகலாம். அப்புறம் பெடலை மிதிச்சா, காத்தை மிதிச்ச மாதிரிதான். ஆயிலை மாத்தாம காஸ்ட்லி பேட் மட்டும் போடுறது வேஸ்ட்!

இன்ஜின் மட்டும் குளிர்ந்தாலும் பத்தாது. 2016 ஷெல்பி ஜி.டி.350-ல சில மாடல்களுக்கு கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் கூலர் இல்லை. ட்ராக்ல சூடேறினதும் கார் தானாவே பவரைக் குறைச்சுக்குதுனு ஓனர்கள் கோர்ட்டுக்கே போனாங்க. 2017 மாடல்ல எல்லாத்துக்கும் கூலர் வந்துடுச்சு!